ஐந்து ஆண்டுகளாகத் தொய்ந்துகொண்டிருந்த கூரை: ஹார்ட்ஃபோர்ட் உள்ளரங்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

கூரையின் ஓரத்தில் முகப்புத் தகடுகளை மாட்ட வந்த சப்-காண்டிராக்டர் வரைபடத்துக்கு ஏற்றபடி இரும்புச் சட்டங்களைத் தயார் செய்து வந்திருந்தார். மேலே ஏறிப் பொருத்திப் பார்த்தால் எதுவும் சேரவில்லை. கூரை இருக்கவேண்டிய மட்டத்தில் இல்லை. தலைமை காண்டிராக்டரிடம் விஷயம் போனது. நீங்களே சரிசெய்து மாட்டுங்கள், தாமதமானால் பொறுப்பு உங்களுடையது என்று பதில் வந்தது. அவரும் சில சட்டங்களை ஓரத்தில் அறுத்து, சிலவற்றைப் புதிதாகச் செய்து, எப்படியோ தகடுகளை மாட்டி முடித்தார்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் தலைநகரான ஹார்ட்ஃபோர்டில், 1970களின் தொடக்கத்தில் நடந்தது இது. சிவிக் சென்டர் என்று பெயரிட்ட அந்த உள்ளரங்கத்தின் கூரை 1973 ஜனவரி 16 அன்று முடிந்தது. 1978 ஜனவரி 18 அதிகாலை 4:15 மணிவாக்கில் முழுசாகக் கீழே வந்தது. நடுவில் ஐந்து ஆண்டும் இரண்டு நாளும்.

பொறியியல் வகுப்புகளில் இந்த விபத்தைப் பெரும்பாலும் 'கம்ப்யூட்டரை நம்பிக் கெட்ட கதை' என்று நடத்துவார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கம்ப்யூட்டர் தப்பான எண்ணைச் சொன்னது உண்மை. ஆனால் அது தப்பு என்பதைக் கூரையே அளவெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது, ஒரு தடவை அல்ல, பல தடவை. அந்த அளவு யாருடைய காண்டிராக்டிலும் அடங்காத வேலையாக இருந்ததுதான் மீதிப் பாதி.

ஊர் ஏன் அரங்கம் கட்டியது

ஹார்ட்ஃபோர்ட் இன்சூரன்ஸ் ஊர். டிராவலர்ஸ், ஏட்னா, ஊரின் பெயரையே வைத்துக்கொண்ட 'தி ஹார்ட்ஃபோர்ட்' என்று பெரிய கம்பெனிகள் பலவற்றுக்கு அதுதான் பிறந்த வீடு. உலகின் இன்சூரன்ஸ் தலைநகரம் என்று அந்த ஊரே தன்னை அழைத்துக்கொள்ளும். ஆபத்தைக் கணக்குப் போட்டு விலை வைக்கத் தெரிந்தவர்கள் கட்டிய ஊரில்தான் இந்தக் கூரை விழுந்தது. இந்த முரணை எழுதாத பத்திரிகைக்காரர் இருந்திருக்கமாட்டார், நானும் ஒரு தடவை எழுதிவிட்டேன், போதும்.

ஊர் பெரியது அல்ல. 1950இல் 1,77,000 பேர் இருந்தார்கள். 1970இல் 1,58,000. 2020 கணக்கெடுப்பில் 1,21,000. வேலைக்கு வருகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு புறநகருக்குப் போய்விடுவார்கள், ஆறு மணிக்கு நடு ஊர் வெறிச்சோடும். நடுத்தர அளவு அமெரிக்க நகரங்கள் பலவற்றுக்கும் அந்தக் காலத்தில் இதே வியாதி, மருந்தும் ஒன்றேதான்: நடு ஊரில் பழைய கட்டடங்களை இடித்து, அரங்கம், கடைவளாகம், ஹோட்டல் மூன்றையும் ஒரே கூட்டாகக் கட்டுவது. ஹார்ட்ஃபோர்டில் நகராட்சியோடு ஏட்னாவும் கைகோத்தது. வடிவமைப்பு ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் வின்சென்ட் கிளிங்.

அரங்கம் என்றால் ஒரே விளையாட்டுக்கு அல்ல. இன்று ஐஸ் ஹாக்கி, நாளை ஐஸ் மேல் பலகை போட்டுக் கூடைப்பந்து, மறுநாள் கச்சேரி, அப்புறம் சர்க்கஸ், மாநாடு. நடுத்தர ஊரால் ஆளுக்கொரு கட்டடம் கட்டிக்கொடுக்க முடியாது, எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே முறை வைத்து வரவேண்டியதுதான். எல்விஸ் பிரெஸ்லி 1976 ஜூலையில் வந்து பாடிவிட்டுப் போனார்.

ஆனாலும் அரங்கத்தின் உயிர் ஹாக்கி அணிதான். நியூ இங்கிலாந்து வேலர்ஸ், அதாவது திமிங்கில வேட்டைக்காரர்கள், 1972இல் பாஸ்டனில் தொடங்கிய அணி. (நியூ இங்கிலாந்து என்பது அமெரிக்காவின் வடகிழக்கு வட்டாரத்தின் பெயர்.) பாஸ்டனில் ஏற்கெனவே ப்ரூயின்ஸ் என்ற ஜாம்பவான் இருந்ததால் இரண்டாம் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. 1975 ஜனவரி 11 அன்று ஹார்ட்ஃபோர்டின் புது அரங்கில் முதல் ஆட்டம். இருக்கைகள் 10,500 போல, அத்தனையும் நிறைந்தது. இரண்டு வருஷம் கழித்து, ஹாக்கி உலகின் மூத்த பெயரான கார்டி ஹோவும் அவருடைய மகன்கள் இருவரும் இந்த அணியில் சேர்ந்தார்கள். அப்பாவும் பிள்ளைகளும் ஒரே சட்டையில் ஆடுவதைப் பார்க்கவே கூட்டம் வந்தது.

கூரை

இனி கூரைக்கு வருவோம். 300 அடிக்கு 360 அடி. கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். எடை 1,400 டன். தரையிலிருந்து 83 அடி உயரம். இதை நான்கே நான்கு கான்கிரீட் தூண்கள் தாங்கின, அவையும் ஓரத்தில் இல்லாமல் 45 அடி உள்ளே தள்ளி. பார்வையாளர் கண்ணை மறைக்கத் தூண் கூடாது என்பது அரங்கம் கட்டுகிற எவருக்கும் முதல் விதி.

அமைப்பு 'ஸ்பேஸ் ஃப்ரேம்'. இரும்புக் கம்பிகளால் மேலே ஒரு வலை, 21 அடி கீழே இன்னொரு வலை, இரண்டையும் சாய்வுக் கம்பிகளால் கோத்த முப்பரிமாணச் சட்டகம். ஒவ்வொரு கட்டமும் 30 அடிக்கு 30 அடி. இந்த வகைக் கூரை அப்போது புதிதல்ல. ஹார்ட்ஃபோர்டில் செய்த மாற்றங்கள்தான் புதிது. வழக்கமான வடிவத்தைவிட இதில் 5 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று நகராட்சியிடம் சொன்னார்கள். வடிவம் புதிதாக இருப்பதால் கம்ப்யூட்டரில் முழுதாகச் சரிபார்த்துவிடுகிறோம் என்றும் சொன்னார்கள். 1971இல் அது பெரிய வார்த்தை.

ஒரு சின்னச் சோதனை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, இரு முனையையும் விரலால் பிடித்து அழுத்திப் பாருங்கள். குச்சி நசுங்காது, நொறுங்காது. ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் வில்லாக வளையும். இப்போது இன்னொருவரை நடுவில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அழுத்துங்கள். அதே குச்சி இப்போது நான்கு மடங்கு தாங்கும். நீளம் பாதியானால் நெளியாமல் தாங்கும் பலம் நான்கு மடங்காகும் என்பது 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் காலத்திலிருந்து தெரிந்த கணக்கு. கூரையின் நடுப்பகுதி கீழ்நோக்கித் தொய்யும்போது மேல் வலைக் கம்பிகள் அழுத்தத்துக்கு உள்ளாகும். ஆகவே அந்த 30 அடிக் கம்பிகளை நடுவில், அதாவது 15 அடியில், யாராவது பிடித்துக்கொண்டே ஆகவேண்டும்.

பிடிப்பதற்குச் சாய்வுக் கம்பிகள் இருக்கத்தான் செய்தன. கணக்கிலும் அவை இறுக்கமாகப் பிடித்திருப்பதாகவே வைத்துக்கொண்டார்கள். நிஜத்தில் கூரையின் வெளி ஓரக் கம்பிகளுக்கு வந்து சேர்ந்த சாய்வுக் கம்பிகள் எல்லாம் ஒரே தளத்தில் இருந்தன. அந்தத் தளத்துக்குள் நெளியாமல் பிடிக்கும். அதற்குக் குறுக்கே விலகினால் தடுக்க ஒன்றுமில்லை. உள் பக்கக் கம்பிகளுக்குப் பிடி இருந்தது, ஆனால் சாய்வுக் கம்பிகள் மேல் கம்பியை நேராகத் தொடாமல் சற்றுத் தள்ளி இணைந்ததால் அது இறுக்கமான பிடியாக இல்லாமல் ஸ்பிரிங் மாதிரி ஆகிவிட்டது.

இது போதாதென்று கம்பியின் குறுக்குவெட்டு வேறு. நான்கு எல் ஆங்கிள்களை, அதாவது எல் எழுத்து வடிவ இரும்புச் சட்டங்களை, முதுகோடு முதுகாகச் சேர்த்து, கூட்டல் குறி வடிவத்தில் கம்பி செய்திருந்தார்கள். மூங்கில் ஏன் உள்ளே காலியாக இருந்தும் அவ்வளவு வலுவாக நிற்கிறது? நார் எல்லாம் ஓரத்துக்குப் போய்விட்டதால்தான். கூட்டல் குறியில் இரும்பு பெருமளவு நடுவில் குவிந்துவிடும். அதே எடையில் குழாயோ ஐ வடிவமோ செய்திருந்தால் நெளிவை இன்னும் நன்றாக எதிர்த்திருக்கும். கூட்டல் வடிவத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு, சுலபமாக முறுக்கிக்கொள்ளும்.

கூரைத் தகடுகளும் நேரே இந்த வலை மேல் உட்காரவில்லை. முனைகளிலிருந்து குட்டைத் தூண்கள் எழுப்பி அவற்றின் மேல் வைத்தார்கள். மழைநீர் வடிவதற்குச் சரிவு கிடைக்கும், மேல் கம்பிகளும் வளைவு விசைக்கு ஆளாகாது என்று நினைத்துச் செய்தது. யோசனை நல்லதுதான். ஆனால் கம்பிகளைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருக்கக்கூடிய தகடுகள் இதனால் அவற்றை விட்டு விலகிப்போயின.

சரி, கம்ப்யூட்டர் என்ன செய்தது? கேட்டதைச் செய்தது. 15 அடியில் பிடி இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார்கள். இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டது. கூரையின் சொந்த எடையையும் 20% குறைவாகச் சொன்னார்கள்; அதையும் நம்பியது. நடுவில் 13 அங்குலம் தொய்யும், மூலைகள் 6 அங்குலம் மேலே எழும் என்று விடை வந்தது.

அளந்தவர்கள்

சட்டகத்தைத் தரையிலேயே கோத்து, பிறகு நான்கு தூண்களின் உச்சியில் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கிகளால் மெதுவாக மேலே தூக்கினார்கள். கூரையைக் கீழே செய்து மேலே ஏற்றுவது பார்க்கவே பிரமாதமான காட்சி. கீழே இருக்கும்போதே சோதனை நிறுவனம் ஒன்று சில முனைகளில் தொய்வு அளவுக்கு மீறி இருப்பதைப் பார்த்து வடிவமைத்த பொறியாளர்களுக்குத் தெரிவித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

மேலே ஏற்றி, தகடு போடுவதற்கு முன்பே, மறுபடி அளந்தார்கள். கம்ப்யூட்டர் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. இந்த அறிக்கையும் போனது. கணக்குக்கும் நிஜத்துக்கும் இப்படி வித்தியாசம் வருவது சகஜம் என்பதே பதிலின் சாரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். வித்தியாசம் வருவது சகஜம்தான். பத்து சதவீதம், இருபது சதவீதம் என்றால் எந்தப் பொறியாளரும் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார். இரண்டு மடங்கு என்பது வித்தியாசம் அல்ல. கணக்கில் இருக்கும் கூரையும் தலைக்கு மேலே இருக்கும் கூரையும் வேறு வேறு என்பதற்கான சாட்சி. இன்னும் தகடு ஏறவில்லை, பனி விழவில்லை, தொங்கவேண்டியவை தொங்கவில்லை. தன் எலும்புக்கூட்டையே தூக்க முடியாமல் தொய்ந்த கூரை அது.

அப்புறம்தான் முகப்புத் தகடுக்காரர் வந்தார். அவர் கதை மேலே சொல்லியாயிற்று. என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தில் மிகத் தெளிவான அளவுகோல் அவருடைய அறுத்த சட்டங்கள்தான். கணித மாதிரி எதுவும் தேவையில்லை; பொருந்தவேண்டியது பொருந்தவில்லை. ஆனால் அவருக்குக் கொடுத்த வேலை தகடு மாட்டுவது. கூரை ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்பது அவர் பில்லில் இல்லை.

கட்டுமான ஒப்பந்தத்தை ஐந்து துணை ஒப்பந்தங்களாகப் பிரித்து, ஒரு மேலாளர் கையில் ஒருங்கிணைப்பை விட்டிருந்தார்கள். கட்டுமானத்தைக் கண்காணிக்கத் தகுதியுள்ள ஒரு ஸ்டிரக்சுரல் இன்ஜினியரைத் தனியாக வைக்கவேண்டும் என்று கட்டடக் கலைஞர் தரப்பு கேட்டது. அது வீண் செலவு, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று மேலாளர் தரப்பு சொல்லிவிட்டது. கட்டும்போது எடுத்த புகைப்படங்களில் மேல் வலையின் இரண்டு கம்பிகள் வில்லாக வளைந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். புகைப்படம் எடுத்தவருக்கும் கம்பியைப் பார்ப்பது வேலை இல்லை போலிருக்கிறது.

கூரை முடிந்து ஒரு வருஷம் கழித்து ஊர்க்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். நடுவில் இப்படித் தொய்ந்திருக்கிறதே, இது பாதுகாப்பானதுதானா என்று கேட்டார். கேட்டது நியாயமான கேள்வி. பொறியாளர்களும் காண்டிராக்டரும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நகராட்சிக்கு உறுதி சொன்னார்கள். அத்துடன் கேள்வி முடிந்தது.

அந்த இரவு

1978 ஜனவரி 17 மாலை கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்கும் கூடைப்பந்து ஆட்டம். வெளியே பனி கொட்டியும் 5,000 பேர் அளவுக்கு வந்திருந்தார்கள். ஆட்டம் முடிந்து எல்லாரும் வழுக்கிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

பனியைப் பஞ்சு மாதிரி நினைப்போம். புதிதாக விழுந்தது பஞ்சுதான். ஈரம் சேர்ந்து அடர்ந்துவிட்டால் அதன் கனமே வேறு. இரண்டரை ஏக்கருக்கு அதைப் பரப்பிப் பாருங்கள். கூரையின் ஐந்து வருஷ ஆயுளில் அதுதான் பெரிய பனி. ஆனாலும் அசாதாரணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மூன்றே வாரம் கழித்து, பிப்ரவரி 6, 7 தேதிகளில், நியூ இங்கிலாந்து இன்றுவரை பேசுகிற '78 பனிப்புயல் வந்தது. கனெக்டிகட் ஆளுநர் கிராஸோ மாநிலச் சாலைகளையே மூடச் சொன்ன புயல் அது. ஜனவரிப் பனி வடிவமைப்புக் கணக்குக்கு உட்பட்டது. அன்று கூரை மேல் இருந்த மொத்தச் சுமை, அது தாங்கியிருக்கவேண்டியதில் பாதிதான்.

அதிகாலை 4:15க்குப் பெரிய வெடிச்சத்தம். நடுப்பகுதி 83 அடி கீழே விழுந்தது. நான்கு மூலைகளும் வானத்தை நோக்கி எழும்பி நின்றன. உள்ளே யாரும் இல்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆறு மணி நேரம் முன்னால் என்று நினைத்துப் பார்த்தால் வயிற்றைப் புரட்டும்.

விடிந்ததும் எடுத்த படங்கள் இப்போதும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. இருக்கைகளுக்கு நடுவே பிரமாண்டமான கம்பி வலை மடங்கிக் கிடக்கும், அதன் மேல் வெள்ளைப் பனி.

மூன்று அறிக்கை, மூன்று காரணம்

நகராட்சி அமர்த்தியது லெவ் ஜெட்லின் அசோசியேட்ஸ் நிறுவனத்தை. அவர்கள் கண்டது: கூரை முடிந்த நாளிலிருந்தே தோற்கத் தொடங்கிவிட்டது. கிழக்கு, மேற்கு ஓரங்களின் மேல் கம்பிகளில் அனுமதித்த அளவைவிட 852% அதிகச் சுமை. வடக்கு, தெற்கு ஓரங்களில் 213%. உள்ளே கிழக்கு-மேற்காக ஓடிய கம்பிகளில் 72%. கம்பி ஒன்று நெளிந்ததும் அதன் பங்கு பக்கத்துக் கம்பிக்குப் போகும். அது கொஞ்ச நாள் தாங்கும், பிறகு அதுவும் நெளியும். ஐந்து வருஷம் நின்றது எப்படி என்பதற்கு இதுதான் பதில். வலை பெரியது, கடன் மாற்றி மாற்றி வாங்குகிற குடும்பம் போல ஒவ்வொரு கம்பியும் அடுத்ததன் தலையில் சுமையைப் போட்டுக்கொண்டே வந்தது. ஜனவரிப் பனி வந்த அன்று கடன் கொடுக்க ஆள் இல்லை.

லூமிஸ் அண்ட் லூமிஸ் என்ற இன்னொரு நிறுவனமும் ஆராய்ந்தது. வடிவமைப்பு போதாது என்பதில் அவர்களுக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கம்பிகள் பக்கவாட்டில் நெளிந்து போனதைவிட முறுக்கிக்கொண்டு போனதுதான் காரணம் என்றார்கள். கூட்டல் குறி வடிவத்தின் அந்த இன்னொரு பலவீனம். மூன்றாவது, கட்டடக் கலைஞருக்குக் காப்பீடு கொடுத்த நிறுவனத்துக்காகப் பொறியாளர் ஹன்ஸ்கார்ல் பாண்டெல் கொடுத்தது. அவர் கை காட்டியது ஸ்கோர்போர்டைத் தொங்கவிட்ட இடத்தில் இருந்த ஒரு வெல்டிங்கை.

முதல் இரண்டும் ஒன்றோடொன்று பெரிதாக முரண்படவில்லை. பலம் குறைந்த கம்பி எந்தப் பக்கம் போயிற்று என்பதுதான் சச்சரவு. மூன்றாவதை நான் தள்ளிவைக்கிறேன். வெல்டிங் விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு மடங்கு தொய்வை ஒரு வெல்டிங்கால் விளக்க முடியாது.

நீதிமன்றம் எது சரி என்று தீர்ப்புச் சொல்லவே இல்லை. ஆறு வருஷம் வழக்கு இழுத்து, கடைசியில் எல்லாத் தரப்பும் வெளியிலேயே சமரசம் செய்துகொண்டார்கள்.

ஹார்ட்ஃபோர்ட் கூரை விழுந்து மூன்று நாள் கழித்து, ஜனவரி 21 அன்று, நியூயார்க் லாங் ஐலண்டில் சி.டபிள்யூ. போஸ்ட் கல்லூரி அரங்கத்தின் குவிமாடம் பனியில் விழுந்தது. அடுத்த வருஷம் ஜூன் 4இல், கான்சாஸ் சிட்டியின் கெம்பர் அரங்கக் கூரை கனமழையில் விழுந்தது. 1976இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் விருது வாங்கிய கட்டடம் அது. இங்கேயும் அரங்கங்கள் காலியாக இருந்த நேரம். பெரிய வீச்சுக் கூரைகள் மேல் ஒரு தலைமுறைப் பொறியாளர்களுக்குப் பயம் வந்தது உண்மை. சட்டம் மாறுவதற்கு மட்டும் சாவு தேவைப்பட்டது. 1987 ஏப்ரல் 23 அன்று அதே கனெக்டிகட்டில், பிரிட்ஜ்போர்ட் ஊரில், கட்டிக்கொண்டிருந்த லாம்பியன்ஸ் பிளாசா இடிந்து 28 தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய கட்டடங்களின் வடிவமைப்பை வெளிப் பொறியாளர் ஒருவர் தனியாகச் சரிபார்த்தாக வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. ஹார்ட்ஃபோர்டில் மனிதர் யாரும் சாகாததால் பாடமும் சாவகாசமாகவே வந்தது என்று சொன்னால் கொடூரமாக இருக்கும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

கூரை போன பிறகு

ஹாக்கி அணிக்கு வீடு போயிற்று. வேலர்ஸ் வடக்கே 40 கிலோமீட்டர் தள்ளி, பக்கத்து மாநிலத்தில் உள்ள ஸ்ப்ரிங்ஃபீல்டின் அரங்கத்துக்குக் குடிபோனார்கள். ரசிகர்கள் 91ஆம் எண் நெடுஞ்சாலையில் இரண்டு வருஷம் காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். தங்களை '91 கிளப்' என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். நடுத்தர ஊரின் விசுவாசத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் 1979இல் வேலர்ஸ் பெரிய லீக்கான என்.எச்.எல்.லுக்குள் போய்விட்டார்கள். நியூ இங்கிலாந்து என்ற பெயர் கூடாது என்று பாஸ்டன் முரண்டு பிடித்ததால் ஹார்ட்ஃபோர்ட் வேலர்ஸ் ஆனார்கள். அந்தப் பருவத்தில் கார்டி ஹோவுக்கு 52 வயது நிறைந்தது. 80 ஆட்டங்களிலும் ஆடினார். 1980 பிப்ரவரி 6 அன்று, புதுக் கூரையோடு, 14,500க்கு அருகே இருக்கைகளோடு அரங்கம் அணியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பழைய கூரை விழாமல் இருந்திருந்தால் அத்தனை இருக்கைகள் அவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம்.

அடுத்து வந்த 17 வருஷம் ஊரின் நல்ல காலம். அணி கோப்பை எதையும் ஜெயிக்கவில்லை. 1986இல் முதல் சுற்றில் கியூபெக்கை வீழ்த்தி, இரண்டாம் சுற்றில் மான்ட்ரியலோடு ஏழாவது ஆட்டம் வரை போய், கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். இரண்டாம் சுற்றில் தோற்ற அணிக்கு ஹார்ட்ஃபோர்ட் தெருக்களில் ஊர்வலம் நடத்தியது. பெரிய நகரங்கள் இதைச் சொல்லி இன்னும் கேலி செய்யும். நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் நடுவில் ஒரு ஹைவே நிறுத்தமாக மட்டும் இருந்த ஊருக்குத் தன் பெயர் தேசிய அட்டவணையில் வருவது என்னவென்று அவர்களுக்குப் புரியாது.

1990களில் ஹாக்கியின் கணக்கு மாறியது. பணம் டிக்கெட்டிலிருந்து சொகுசு அறைகளுக்கும் நிறுத்துமிடத்துக்கும் உணவுக்கடைக்கும் நகர்ந்தது. ஹார்ட்ஃபோர்ட் அரங்கம் லீக்கிலேயே சிறியவற்றில் ஒன்று, கடைவளாகத்தின் மாடியில் உட்கார்ந்திருக்கும் அமைப்பு வேறு. 1994இல் அணியை வாங்கிய பீட்டர் கார்மனோஸுக்கும் மாநில அரசுக்கும் புது அரங்கம் பற்றிய பேச்சு முறிந்தது. 1997 ஏப்ரல் 13, கடைசி ஆட்டம். தாம்பா பே அணியை 2-1 என்று வென்றார்கள். கடைசி கோல் கேப்டன் கெவின் டினீன் அடித்தது. அணி வட கரோலைனாவுக்குப் போய் கரோலைனா ஹரிகேன்ஸ் ஆனது. போன இடத்தில் புது அரங்கம் தயாராகவில்லை. இரண்டு வருஷம் கிரீன்ஸ்பரோவில், 20,000 இருக்கைகளுக்கு மேல் உள்ள அரங்கத்தில், பெரும்பாலும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடினார்கள். 2006இல் அங்கே என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையும் வாங்கினார்கள். ஹார்ட்ஃபோர்டில் அன்று யாரும் டி.வி. பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்திருப்பார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு.

முதல் தடவை கூரை போனபோது அணி திரும்பி வந்தது. இரண்டாவது தடவை கூரை இருந்தது, அணி போய்விட்டது. அரங்கத்தோடு ஒட்டியிருந்த கடைவளாகத்தை 2004இல் இடித்து, அந்த இடத்தில் 36 மாடி அடுக்ககம் எழுப்பினார்கள். அரங்கம் மட்டும் நின்றது. என்.எச்.எல்.லுக்கு அடுத்த நிலை லீக்கில் ஆடும் ஹாக்கி அணியான வுல்ஃப் பேக், கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆண்கள், பெண்கள் கூடைப்பந்து அணிகள், கச்சேரிகள் என்று நாட்கள் நகர்ந்தன. 2007இல் எக்ஸ்.எல். சென்டர் என்று பெயர் மாறியது. அதுவும் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர்தான்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, இருப்பதைச் சீர்செய்வதா என்று மாநில அரசு பல வருஷம் விவாதித்தது. கடைசியில் சுமார் 14.5 கோடி டாலர் செலவில் கீழ் அடுக்கு இருக்கைகளையும் வசதிகளையும் மட்டும் மாற்றுவது என்று முடிவாகி, 2025இல் பீப்பிள்ஸ்பேங்க் அரினா என்ற புதுப் பெயரோடு திறந்தார்கள். ஆட்ட நாட்களில் இப்போதும் அரங்கத்துக்குள் வேலர்ஸின் பச்சை-நீலச் சட்டை போட்டவர்களைப் பார்க்கலாம். அந்தச் சின்னத்தை 1979இல் வரைந்தவர் பீட்டர் குட். மேலே திமிங்கில வால், கீழே டபிள்யூ, நடுவில் விட்ட வெற்றிடத்தில் ஹெச். முதல் பார்வையில் ஹெச் தெரியாது.